நூறு சொல்லுக்குக் குறையாமல்

விருத்தாசலம்
14 ஜூலை 2025

அன்புள்ள தம்பி திருமாலுக்கு,

மதிவதனி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். சித்தி, அதுதான் உன் அம்மா, கால் வலியைத் தவிர மற்றபடி நலம். ராஸ் அல் கைமாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது?

வாட்ஸப்பில் கட்டைவிரல் அனுப்பும் காலத்தில் அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பாசத்தால் அல்ல, விதியால். நான் சேர்ந்து, உன்னையும் இழுத்துச் சேர்த்த தரக் கட்டுப்பாடு வகுப்பில் நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். எல்லாம் இணையத்தில், இலவசம். ஆறு ஆறு பேராகப் பிரித்துக் குழு அமைத்திருக்கிறார்கள். குழு உறுப்பினர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வகுப்பின் சொந்தத் தபால்பெட்டி வழியாக ஒருவருக்கொருவர் எழுத வேண்டும், நூறு சொல்லுக்குக் குறையாமல். அதற்குப் பெயர் கூட்டுழைப்பு. படிப்பதற்கு ஆள் கிடையாது. கணினி சொற்களை எண்ணும், அவ்வளவுதான். குறைந்தது இரண்டு பேராவது எழுதிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழு கலைக்கப்படும். மிஞ்சியவர் அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

அடுத்த ஆண்டு எனக்கு உதவாது. கலியமூர்த்தி முதலாளி தீபாவளிக்குப் பிறகு எங்கள் யூனிட்டில் சோதனைக்கூடம் திறக்கிறார். சான்றிதழ் இருப்பவருக்கு அந்த வேலை. இல்லாதவருக்குப் பேக்கிங் பிரிவில் தினக்கூலி. ஒன்பது ஆண்டாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து விரிசல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வைக்கோல் திணிக்கும் இடத்துக்கு என்னை அனுப்பிவிடாதே, தம்பி.

உன்னை வழியனுப்ப உன் நண்பர்கள் வைத்த பேனர் பாலத்துக்கு அருகில் இன்னும் இருக்கிறது. மீசைவரை கிழிந்திருக்கிறது. மற்றபடி நீதான் என்று தெரிகிறது.

அன்புடன்,
மதி அக்கா


ராஸ் அல் கைமா
24 ஜூலை 2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லாதான் இருப்ப. நூறு சொல்லுக்கு எங்க போறது சொல்லு. இங்க வெயிலு. நேத்தும் வெயிலு. நாளைக்கும் வெயிலாத்தான் இருக்கும். டைல்ஸு கம்பெனி பெருசு, நம்ம ஊரு யூனிட்டு எல்லாத்தையும் தூக்கி உள்ள வெச்சாலும் ஓரத்துல எடம் இருக்கும். ரூம்ல ஆறு பேரு. சோறு பரவால்ல. ரோட்டுல எவனும் ஆரன் அடிக்கறதில்லக்கா, அதான் ஒரு மாதிரி இருக்குது, காது அடைச்ச மாதிரி. பாடம் ஒண்ணு பாத்தேன். அந்த வாத்தியாரு சிரிக்கவே மாட்டாரா? வெங்காயம் இங்க வெல கம்மி. தக்காளி அதிகம். பேனர எடுக்க வேணாம்னு சொல்லிடு, அடுத்த தடவ லீவுல வரப்ப அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும். இதோட நூறு ஆயிருக்கும். பத்தலன்னா இன்னொரு தடவ சொல்றேன், வெயிலு அதிகம்.

திருமால்


விருத்தாசலம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள திருமாலுக்கு,

நலம். உன் கடிதம் தொண்ணூற்றெட்டாக இருந்திருந்தால் நாம் இருவரும் அழிந்திருப்போம். கடைசி வரி காப்பாற்றியது.

நம் குழுவின் நிலையைச் சொல்கிறேன். ராஜாங்கம் என்பவர் தன்னைத் தலைவராக முன்மொழிந்தார், தானே வழிமொழிந்தார், அதன்பின் அவரைக் காணவில்லை. இனியா சூரியகாந்திப் படத்தோடு காலை வணக்கம் சொன்னாள். எந்தக் காலைக்கு என்று தெரியவில்லை, இன்னும் அங்கேயே இருக்கிறது. வெண்பா என்பவள் குழுவுக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தாள், நன்றாகவே இருந்தது, அதோடு போய்விட்டாள். சேத்தியாத்தோப்பு பாரி மட்டும் நாணயமானவன். தன் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பி, “நீங்களே எல்லாத்தையும் போட்டுக்குங்கக்கா” என்று எழுதியிருந்தான். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுத் திருப்பதி போகிறவனைப் போல. நான் தொடவில்லை. ஆக, ஆறு பேர் குழுவில் நீயும் நானும்.

எங்கள் யூனிட்டின் விரிசல் கணக்கையே திட்ட அறிக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மூன்று மாதப் புள்ளிவிவரத்தை அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

சித்திக்குக் கால் வீக்கம். வாசலில் எப்போது என்னைக் கண்டாலும் “அவன் ஏதாச்சும் எழுதுனானா?” என்கிறார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வெங்காயம் வரை கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்புடன்,
மதி


11 ஆகஸ்ட் 2025

அக்கா,

இந்த வாரம் முடியல. எங்க பக்கம் ரெண்டு லைன நிறுத்திட்டாங்க. ஒவ்வொருத்தரா கூப்புட்டுப் பேசறாங்க. பொறவு எழுதறேன். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

திருமால்


விருத்தாசலம்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள திருமாலுக்கு,

இங்கு நலம் என்று எழுத வேண்டியது வழக்கம், எழுதிவிட்டேன்.

உன் வேலை என்ன ஆயிற்று? சாப்பிடுகிறாயா? இரண்டாவது பயிற்சி என்ன ஆயிற்று? இந்த வரிசையில்தான் கேட்கிறேன் என்பதைக் கவனிக்கவும்.

உன் கடிதத்தைக் கணினி ஏற்கவில்லை. ‘உங்கள் தோழர் மேலும் உற்சாகமாகப் பங்கேற்க ஊக்குவியுங்கள்’ என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. கூடவே கைதட்டும் பொம்மை. நான் உன்னை ஊக்குவிக்கிறேன். வாட்ஸப்பில் கேட்டால் கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்? வேலை இருக்கிறதா, போய்விட்டதா, நான் கேட்டது கேட்டதா?

சித்திக்கு வெள்ளிதோறும் நீ அனுப்பும் குரல் செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. “நல்லா இருக்கேன், கவலப்படாத, மாத்திர போட்டுக்க.” மூன்று வாரமாக அதே வாக்கியம், அதே மூச்சு. பழையதையே திருப்பி அனுப்புகிறாயோ என்று கூடத் தோன்றியது. உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நீ ஒன்றும் சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் தெரியாத ஒருத்தியிடம் ஒன்றும் சொல்லாதே என்பது சற்று அதிகம்.

எழுது.

மதி


விருத்தாசலம்
27 ஆகஸ்ட் 2025

திருமாலுக்கு,

குழு ஞாயிற்றுக்கிழமை கலைக்கப்படும் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. முதலாளியிடம் சான்றிதழ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை மாட்டக் கண்ணாடிச் சட்டம்கூடப் பார்த்து வைத்திருக்கிறார். பேக்கிங் பிரிவில் எனக்கு இடம் ஒதுக்கச் சொல்லி மேஸ்திரியிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டுக்கும் தயாராக இருக்கும் மனிதர்.

எதையாவது எழுது. வெயிலைப் பற்றியே எழுது. நீ உயிரோடு நன்றாக இருக்கிறாய் என்று எனக்கும், நூறு சொல் என்று அதற்கும் தெரிய வேண்டும். இந்தக் கடிதம் நூறைத் தொடாது. தொட வைக்க எனக்குத் தெம்பில்லை.

மதி


ராஸ் அல் கைமா
30 ஆகஸ்ட் 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

திருமால் எழுதுவது. இறைவன் அருளால் நான் இங்கே நலமாக இருக்கிறேன். தாங்களும் மாமாவும் குடும்பத்தில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலையில் சில மாற்றங்கள். கவலைப்படும்படி எதுவும் இல்லை.

அம்மாவின் கால் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது? வலது காலா, இடது காலா என்று தங்கள் கடிதத்தில் இல்லை. டாக்டரிடம் காட்டினீர்களா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்துக்கொண்டால் நல்லது.

தாங்கள் அனுப்பிய விரிசல் கணக்கைப் பார்த்தேன். மூன்று மாதத்தையும் சேர்த்துச் சராசரி போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் எல்லா நாளும் ஒரே மாதிரி தெரியும். ஈரக் கட்டைகளை அடுக்கிக் காயவைக்கும் ராக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத முடியுமா? வாசல் பக்கம் இருக்கும் ராக்கில் காற்றடித்து விரிசல் கூடுகிறதோ என்று ஒரு சந்தேகம். இங்கே உலர்த்தும் இயந்திரத்தின் அருகில் நிற்கும்போது தோன்றியது. இரண்டாவது பயிற்சியை முடித்து அனுப்பிவிட்டேன். மூன்றாவதையும் பாதி செய்திருக்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருமால்


விருத்தாசலம்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள திருமாலுக்கு,

நலம். இடது கால். உனக்குத் தெரிந்ததுதான்.

உன் கடிதம் நூறு சொல்லைத் தாண்டியது என்று நமக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்திருக்கிறது. குழு பிழைத்தது.

சித்திக்குப் படித்துக் காட்டினேன். காலைப் பற்றிய இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார். பலகைக்குப் பதில் பழைய முறத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். தெருவில் போகிற பெரியநாயகி அக்காவைக் கூப்பிட்டு, “எம்புள்ளைக்கு அங்க போயி பொறுப்பு வந்துடுச்சு” என்றார். பெரியநாயகி அக்கா சும்மா இருக்கிறவரா? “அப்ப எம்புள்ளையையும் அந்த ஊருக்கே அனுப்பணும், இங்க இருந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறான்” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ராக்குகளைப் பிரித்து எழுதினேன். வாசல் பக்கம் இல்லை, நீ சொன்னது தப்பு. அந்தப் பக்கம் தார்ப்பாய் தொங்குகிறது. ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் ராக்கில் விரிசல் மற்றதைப்போல் இரண்டு மடங்கு. ஒன்பது ஆண்டாக அந்த விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன், சுகமாக.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். அவசரமில்லை. அறிக்கை முடியட்டும்.

அன்புடன்,
மதி


ராஸ் அல் கைமா
26 செப்டம்பர் 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முறம் உயரம் போதுமா? வீக்கம் மாலையில் கூடுகிறதா என்று பார்க்கவும்.

வாசல் விஷயத்தில் நான் தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விசிறி விஷயத்தில் தாங்கள் சரி. ஆனால் தாங்கள் அனுப்பிய அறிக்கையில் ‘விசிறியை நிறுத்த வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விசிறியை நிறுத்தினால் கீழே வேலை செய்கிற பெண்கள் வெந்து போவார்கள். ராக்கை நகர்த்தினால் போதாதா? முதலாளியிடம் கொடுக்கும் காகிதத்தில் விசிறியை நிறுத்து என்று இருந்தால் அதை மட்டும்தான் அவர் செய்வார். தங்கள் வரியை அடித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். என்னுடையது நாள் முழுவதும் நின்றுகொண்டே செய்கிற வேலை. உஷ்ணம் என்றால் என்னவென்று தெரியும்.

தாங்கள் கேட்க நினைத்த கேள்வியை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அறிக்கை முடிந்த பிறகு என்றாலும் சரிதான்.

இன்று வெள்ளிக்கிழமை, ரூமில் யாரும் இல்லை. நிதானமாக எழுத முடிந்தது.

இப்படிக்கு,
திருமால்


விருத்தாசலம்
9 அக்டோபர் 2025

வணக்கம்.

இங்கு எல்லோரும் நலம். சித்தியின் கால் மாலையில் வீங்குவதில்லை.

அறிக்கை பத்தொன்பதாம் தேதிக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு கேட்கலாம் என்றுதான் இருந்தேன். நாற்பது நாளாகவே அப்படித்தான் இருக்கிறேன். ‘மரியாதைக்குரிய’ என்று வந்த முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். திருமால் என்னை ‘தாங்கள்’ என்று சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும். அம்மாவுக்கு எந்தக் காலில் வலி என்று தெரியாத பிள்ளை இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை இவன் இல்லை. தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் குழுவில் ஒருத்திதான் மிஞ்சுவாள். ஒருத்தியைக் குழு என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை சித்திக்கு வந்த குரல் செய்தியில் பின்னால் ஓர் ஏர் ஆரன் கேட்டது, நீளமாக. ராஸ் அல் கைமாவில் யாரும் ஆரன் அடிப்பதில்லை என்று அவனே எழுதியிருந்தான். சித்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அங்கயும் நம்ம வண்டிதான் ஓடுது போலருக்குது” என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

நீங்கள் யார்? திருமால் எங்கே? உயிரோடு, கை கால் சரியாக இருக்கிறானா? அதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்கிறேன்.

மதிவதனி


ராஸ் அல் கைமா
10 அக்டோபர் 2025

அக்கா,

திருமால் நன்றாக இருக்கிறான். வேப்பூரில் இருக்கிறான்.

என் பெயர் நூருல் அமீன். மங்கலம்பேட்டை. அவனுக்கு மேல் கட்டில் என்னுடையது. ஆகஸ்டில் அவனுடைய லைனை மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். என் லைன் தப்பியது. அவன் ஊருக்கு வந்து, வீட்டுக்குப் போக மனம் வராமல், வேப்பூர் ஹைவேயில் ஓர் ஓட்டலில் பரோட்டா போடுகிறான். கிளம்பும்போது வகுப்பின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்து, “அக்காவுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ நூறு சொல்லு எழுதிப் போட்டுடு பாய், இல்லன்னா அதுக்கு வேல போயிடும்” என்றான். எதைப் பற்றி என்று கேட்டேன். “வெயிலு, வெங்காயம்” என்றான்.

அதை வைத்து நூறு வரவில்லை. பழைய கடிதங்களைப் படித்துப் பார்த்தேன். அம்மாவின் கால் இருந்தது, விரிசல் இருந்தது. அதையே எழுதினேன். விசாரித்து எழுத எனக்கு ஆள் குறைவு. அதனால் சற்று அதிகமாகிவிட்டது.

பாடத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். அந்த வாத்தியார் எட்டாவது பாடத்தில் ஒரு முறை சிரிக்கிறார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. கடைசி உறுதிமொழிக்கு அவன் போனுக்கு ஒரு எண் வரும். அதை நான் போட முடியாது. இந்தத் தபால்பெட்டியும் அது முடிந்த அன்றே மூடிவிடும். என் சொந்த ஈமெயிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பு கேட்டு எழுதலாமா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

நூருல் அமீன்


விருத்தாசலம்
9 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி நூருல் அமீனுக்கு,

இங்கு அனைவரும் நலம். இந்த முறை யாரும் எண்ணாததால் நிஜமாகவே சொல்கிறேன்.

அறிக்கை அனுப்ப வேண்டிய வாரம் வேப்பூருக்குப் பஸ் ஏறினேன். தம்பியைக் கூட்டி வரப் போகிறேனா, எண்ணை வாங்கப் போகிறேனா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “உக்காருக்கா, என்ன சாப்புடற?” என்றான்.

“ராஸ் அல் கைமா எப்படிடா இருக்குது?”

“வெயிலுக்கா.”

“கூப்புடற தூரத்துல வூடு. ஏண்டா வரல?”

“மொதல்ல பேனர எடுத்துட்டாங்களா, சொல்லு.”

மூக்குவரை கிழிந்துவிட்டது என்றேன். “கண்ணு இருக்குதில்ல,” என்றான். “கண்ணு இருக்கற வரைக்கும் ஊருக்குத் தெரியும்க்கா.” நான் போனை எடுத்து, உனக்கு ஓர் எண் வரும், சொல் என்றேன். “அதுக்குத்தான் வந்தியா?” என்றான். இல்லை என்று சொல்வதற்குள் எண் வந்துவிட்டது. படித்துச் சொன்னான். பிறகு இரண்டு பரோட்டா வைத்தான். நன்றாகவே போடுகிறான்.

‘குழு உறுப்பினர் அல்லாத எவரும் இப்பணியில் பங்கு பெறவில்லை’ என்பது உறுதிமொழி. டிக் போடாமல் பொத்தான் நகரவில்லை. போட்டேன். தோழர்களின் கூட்டுழைப்புக்கு மதிப்பெண் போடச் சொன்னது. பெயர்ப் பட்டியலில் ராஜாங்கம் இருந்தார், சூரியகாந்தி இருந்தாள், நீங்கள் இல்லை. திருமால் பெயருக்கு நேரே பத்துக்குப் பத்து போட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு ஒப்பவில்லை. தபால்பெட்டி மூடுவதற்குள் உதவிப் பிரிவுக்கு உட்கார்ந்து எழுதினேன். நால்வர் காணாமல் போனது, ஒருவன் வேப்பூரில் இருந்தது, வேலை செய்தவர் பெயர் பட்டியலிலேயே இல்லாதது, எனக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, ஒன்று விடாமல். சான்றிதழ் போகும், பேக்கிங்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. ‘நூறு சொல்லுக்கு மேல் பகிர்ந்தமைக்கு நன்றி. உங்கள் குழுவுக்குக் கூட்டுழைப்பு மதிப்பெண் கூட்டப்பட்டுள்ளது.’ கைதட்டும் பொம்மையும் வந்தது. ஒரு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. குழுப்பணி மிகச் சிறப்பு என்று போட்டிருக்கிறது. முதலாளி சட்டத்தில் மாட்டிவிட்டார். படிக்கவில்லை. அறிக்கையை மட்டும் படித்தார். ராக்கை நகர்த்தியாயிற்று, விசிறி ஓடுகிறது. சோதனைக்கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாராவது கதவைத் திறந்தால், கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் இன்னமும் முதலில் தோன்றுகிறது.

தீபாவளிக்கு அப்புறம் அடித்த மழையில் பேனர் விழுந்தது. அதற்கு மறுநாள் திருமால் வீட்டுக்கு வந்தான். சித்தி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “ஆரன் சத்தம் கேட்டப்பவே தெரியும். வாய தொறந்து அவனே சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார். சோறு போட்டார். அவன் கை கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப எங்கால விசாரிச்சு எழுதுனது ஆரு?”

உங்களைப் பற்றிச் சொன்னேன். முறத்தின் மேல் இருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

“எனக்கு இப்ப தேவலன்னு எழுது. வேற என்ன எழுதுவ?”

“நீங்க சொல்லுங்க சித்தி.”

“நாள் பூரா நிக்கற வேலன்னு அன்னிக்குப் படிச்சியே. அந்தப் புள்ளைக்குக் காலு எப்படி இருக்குதாம்? அத கேட்டு எழுது.”

கேட்டு எழுதிவிட்டேன். பதில் போடவும்.

அக்கா,
மதிவதனி